பந்தைத்தானே சார் தொட்டேன்!

விசில் ஊதியதும் என் காதில் விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். 20 வருடத்துக்கு மேல் அமெச்சூர் கால்பந்து லீக் போட்டிகளில் நடுவராக ஓடியிருக்கிறேன். 14 வயதுப் பையனும் இதைச் சொல்கிறான், 35 வயது டிஃபெண்டரும் (தடுப்பாட்டக்காரர்) சொல்கிறார். அவர்கள் பொய் சொல்வதில்லை. பந்தைத் தொட்டது உண்மைதான். ஆனாலும் அது ஃபவுல். சில நேரம் ஆளை வெளியேற்றும் சிவப்பு அட்டையும்கூட.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு உடனே கோபம் வரும். "இப்பல்லாம் மேல பட்டாலே ஃபவுல்தான், இது கால்பந்தா?" என்பார்கள். அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நிறையத் தவறான புரிதலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதி. கால்பந்து விதிப்புத்தகத்தில் ஃபவுல்களைப் பற்றிப் பேசுவது 12ஆம் விதி. பந்தை முதலில் தொட்டுவிட்டால் ஆளை என்ன செய்தாலும் குற்றமில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. ஆட்டக்காரர் எப்படி வந்தார் என்பதைத்தான் அது பார்க்கிறது. கவனமில்லாமல் வந்து இடித்தால் ஃப்ரீ கிக், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் வந்தால் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு வந்தாலோ, அடுத்தவர் உடம்புக்கு ஆபத்து வரும்படி வந்தாலோ சிவப்பு. முன்னாலிருந்து வந்தாரா பின்னாலிருந்து வந்தாரா, ஒரு காலா இரண்டு காலா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். "வேணும்னு செய்யல சார்" என்பதும் எடுபடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதித் தேறியவன்தான். ஆனால் உண்மையில் புரிந்தது ஒரு மழை நாளில். ஈரத் தரை. பக்கவாட்டிலிருந்து ஒரு டிஃபெண்டர் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். பந்து சுத்தமாகக் கோட்டை நோக்கிப் போனது. 'ஆடுங்க' என்று கையைக் காட்டிவிட்டுப் பந்தின் பின்னால் நாலடி ஓடினேன். யாரும் ஆடவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஒரு பையன் தரையில் கிடந்தான், அவன் கால் இருந்த கோணத்தைப் பார்த்து மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த சீசன் முழுக்க அவன் ஆடவில்லை. தவறு என்னுடையது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து டேக்கிள், அதாவது எதிராளியிடமிருந்து காலால் பந்தைப் பறிக்கும் முயற்சி, தொடங்கும் இடத்திலேயே என் கண் காலுக்குப் போய்விடும். எவ்வளவு தூரத்திலிருந்து கிளம்புகிறார்? முழங்கால் மடங்கியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா? ஷூவின் அடியிலுள்ள குமிழ்கள் (ஸ்டட்ஸ்) தரையைப் பார்க்கிறதா, எதிராளியின் முன்னங்காலெலும்பைப் பார்க்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியம், கிளம்பிய பிறகு அவரால் தன்னை நிறுத்த முடியுமா? இரண்டு கால்களும் தரையை விட்டுவிட்டால் முடியாது. அப்புறம் அவர் ஆட்டக்காரரே இல்லை, வீசப்பட்ட பாரம்.

"அந்தக் காலத்து ஆட்டம்தான் ஆட்டம்" என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் 1966 உலகக் கோப்பையை நினைவுபடுத்துவேன். பல்கேரியா பிரேசிலின் பீலேயை உதைத்தே காயப்படுத்தியது. ஹங்கேரி ஆட்டத்தில் அவர் இல்லை. திரும்பி வந்து போர்ச்சுகலோடு ஆடியபோது மொராய்ஸ் அவரை மறுபடியும் சாய்த்தார். மொராய்ஸ் வெளியேற்றப்படவில்லை. மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது அனுமதியும் இல்லாததால், பீலே நொண்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்தார். நடுவர் கென் ஆஸ்டனின் யோசனையில் பிறந்த மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன.

அட்டை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1983இல் பார்சிலோனாவுக்கு ஆடிய மாரடோனாவின் கணுக்காலை எதிரணி டிஃபெண்டர் கோய்கோட்சியாவின் டேக்கிள் உடைத்தது. சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை மூன்று முறை வென்ற மார்கோ வான் பாஸ்டன், கணுக்கால் காயங்களோடு போராடித் தன் கடைசிப் போட்டியை ஆடியபோது வயது 28. பின்னாலிருந்து வந்து ஆபத்து விளைவிக்கும் டேக்கிளுக்கு நேரடியாகச் சிவப்பு என்று விதிப்புத்தகம் தெளிவாகச் சொன்னது 1998இல்தான். வான் பாஸ்டன் ஓய்வை அறிவித்து மூன்று வருடம் கழித்து.

அப்படியானால் வன்மையான டேக்கிளே கூடாதா? அப்படியில்லை. அட்டைகள் அறிமுகமான அதே 1970இல், பிரேசிலின் ஜேர்சின்யோ முழு வேகத்தில் பெனால்ட்டி ஏரியாவுக்குள் பாய்ந்து வந்தபோது இங்கிலாந்தின் பாபி மூர் காலை நீட்டிப் பந்தை எடுத்தார். அவசரமே தெரியாது. காத்திருந்து, பந்து ஜேர்சின்யோவின் காலை விட்டு விலகிய கணத்தில் எடுத்தது. இன்றைய விதிப்படியும் அதில் ஃபவுல் இல்லை. நான் பயிற்சி கொடுக்கும் இளம் நடுவர்களுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுவேன்.

இப்போது நியாயமான பாதிக்கு வருகிறேன். சுத்தமான டேக்கிள் குறைந்துவருவதில் எங்கள் பங்கும் இருக்கிறது. அலறலுக்கு விசில் ஊதுகிறோம். ஒருமுறை மகளிர் ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் அழகாகச் சறுக்கி வந்து பந்தை வளைத்து எடுத்தார். எதிரணிப் பெண் அந்தக் கால்மீது தடுக்கி விழுந்து கத்தினார். என் வாய் தானாக ஊதிவிட்டது. அந்த டிஃபெண்டர் வாதாடவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மீதி ஆட்டம் முழுக்க ஒரு முறைகூட அவர் சறுக்கவில்லை. இது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஸ்லோ மோஷனும் தன் பங்குக்குக் குழப்புகிறது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் எந்த டேக்கிளும் கொலைமுயற்சி போலத் தெரியும். அதனால்தான் வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். முறையின் நெறிமுறையே, எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் ஸ்லோ மோஷன், எவ்வளவு கடுமை என்று முடிவுசெய்ய இயல்பான வேகம் என்கிறது. உறைந்துபோன ஒரே படத்தைக் கைப்பேசியில் பார்த்து நடுவரைத் திட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு கோணம், ஒரு நொடி. 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் உதைத்ததற்கு நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள்தான் காட்டினார். தன் பார்வை மறைந்திருந்தது, அது சிவப்பாகியிருக்க வேண்டும் என்று பின்னால் அவரே சொன்னார்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பயிற்சி மைதானம். அட்டைக்குப் பயந்து "கீழே போகாதே, நின்றே ஆடு" என்று மட்டும் சொல்லி வளர்க்கிறார்கள். டேக்கிள் என்பது கடைசி வழி என்று அலோன்சோவே சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் கடைசி வழி தேவைப்படும் நிமிடம் எல்லா ஆட்டத்திலும் வரும். அப்போது, சொல்லித்தரப்படாத பையன் என்ன செய்வான்? மொத்தமாகப் பாய்வான். நான் பார்த்த மோசமான டேக்கிள்களில் பல, பந்தைத் தொலைத்த ஆத்திரத்தில் துரத்தி வந்த ஃபார்வர்டுகள் செய்தவை.

பெற்றோருக்கும் ஒன்று. முன்னங்காலைக் காக்கும் ஷின் கார்டு கட்டாயம், சரி. ஆனால் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஆட்டக்காரருடையது. உள்ளங்கை அளவில் பெயருக்கு ஒன்றைச் சாக்ஸுக்குள் செருகி அனுப்பாதீர்கள். கணுக்காலுக்கு எப்படியும் அது உதவாது, எலும்புக்காவது உதவட்டும்.

பயிற்சியாளர்களிடம் ஒரு கோரிக்கை. சீசன் தொடங்கும் முன் ஒரு நடுவரைப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். போன வருடம் ஓர் அணி என்னைக் கூப்பிட்டது. பையன்கள் டேக்கிள் செய்ய, நான் ஊதி, ஏன் ஊதினேன் என்று அங்கேயே சொன்னேன். ஒருவன் கேட்டான், "அப்போ எப்படித்தான் சார் போறது?" நேராகப் போகாதே, பக்கவாட்டில் வா. பந்து அவன் காலை விட்டு நகரும் வரை பொறு. ஒரு காலை மடித்து அதன்மேல் சறுக்கு, மற்றக் காலின் அடிப்பாதம் தரையோடு இருக்கட்டும். முதல் இரண்டு முறை எதிரே நின்றவனையும் சேர்த்துச் சாய்த்தான். மூன்றாவது முறை பந்து மட்டும் போனது. எதிரே ஓடியவன் அவனைத் தாண்டிக் குதித்து ஓடிப்போனான். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.