குழந்தை மருத்துவம் என்றால் டாக்டர் மட்டுமா?

கோலாலம்பூர்ப் பள்ளிகளில் குழந்தை மருத்துவத்தைப் பற்றிப் பேசப் போனால், பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான்: "எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ எடுக்கணும், டாக்டர்?" கேட்பது மாணவர். கேட்கச் சொன்னது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா. அந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு நான் நீல விளக்கிலிருந்து ஆரம்பிப்பேன்.

பிறந்த சில நாளில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவதைப் பலர் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். பாட்டி காலை வெயிலில் காட்டச் சொல்வார். நாங்களோ நீல ஒளியில் படுக்கவைக்கிறோம். ஏன் நீலம்? இரத்தத்தில் தேங்கி மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் என்ற பொருள், 460 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியை நன்றாக உள்வாங்கும். உடனே அதன் மூலக்கூறு வடிவம் மாறும். பிறகு, முதிராத கல்லீரலுக்காகக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். வெயிலில் இந்த அளவெல்லாம் நம் கையில் இல்லை; குழந்தையின் தோல் சுடும், உடலில் நீர் வற்றும். இதைச் சொல்லும்போது, வேதியியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த கேள்வி ஏக்களைப் பற்றியதாக இருக்காது.

டாக்டர் வழி நீளமானது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனுக்குப் பின் ஐந்தாண்டுப் பட்டம். அப்புறம் மருத்துவமனையில் இரண்டாண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. குழந்தைகள் வார்டு அதில் கட்டாயம். சில ஆண்டுகள் மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்தபின், மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நான்காண்டு முதுநிலை, அல்லது பிரிட்டனின் குழந்தை மருத்துவத் தேர்வான எம்.ஆர்.சி.பி.சி.எச். நிபுணராகும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களுக்கு நிரந்தர வேலைக்குப் பதிலாக ஒப்பந்த நியமனம் வந்ததையும், அதை எதிர்த்து 2021 ஜூலை 26-இல் அவர்கள் பணிநேரத்தில் வெளியே வந்து நின்றதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் என் கிளினிக்கில் தினமும் இடிப்பது டாக்டர் பற்றாக்குறை அல்ல. மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையோடு ஒரு தாய் வருகிறார். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஆடியாலஜிஸ்ட் வேலை. பிறகு பேச்சுப் பயிற்சி. வீட்டில் முழுக்கத் தமிழ் பேசும் குழந்தையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால், அதற்குத் தெரிந்ததும் தெரியாததுபோலப் பதிவாகிவிடும். தமிழில் சோதிக்கத் தெரிந்தவரைத் தேடி நான் அடிக்கடி அல்லாடுகிறேன். இவ்வளவுக்கும் பேச்சு அறிவியல், ஆடியாலஜி இரண்டையும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூ.கே.எம். தன் கோலாலம்பூர் வளாகத்திலேயே பட்டப்படிப்பாக நடத்துகிறது. நம் வீடுகளில் இந்தப் பெயர்களே காதில் விழுவதில்லை.

தாதியர் படிப்பையும் "டாக்டருக்குக் கிடைக்காதவர்கள் போவது" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். மூன்றாண்டு டிப்ளோமாவுக்குப் பின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் சிறப்புப் பயிற்சி எடுத்த தாதி, குறைமாதக் குழந்தையின் மூச்சு மாறுவதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்.

படிவம் மூன்று முடிந்ததும் பாடத் தேர்வு வந்துவிடும். உயிரியலையும் வேதியியலையும் அப்போது விட்டுவிட்டால் இவற்றில் பல கதவுகள் மூடிவிடும். ஆகவே ஆலோசக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை என்னை அழைக்கும்போது ஒரு தாதியையும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரையும் சேர்த்தே அழையுங்கள். எனக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.