பெரியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் மேஸ்திரிகளுக்கு

ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்களில் மேஸ்திரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் தொழில். எங்கே போனாலும் காதில் விழுகிற புகார் ஒன்றுதான்: "எத்தனை தடவை சொன்னாலும் பச்சைக்காயையும் சேர்த்துப் பறிச்சுட்டு வர்றாங்க சார்."

சரி, எப்படிச் சொன்னீர்கள் என்று விசாரித்தால், சாயங்காலம் எடை போடுகிற இடத்தில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, பறிக்கிற ஒரு அம்மாவின் சாக்கைத் தரையில் கொட்டிக் காட்டிச் சத்தம் போட்டிருப்பார்கள். அந்த அம்மாவின் மருமகளும் அதே வரிசையில் நின்றிருப்பாள். அதற்கப்புறம் அவர் மனதில் பச்சைக்காயா நிற்கும், பட்ட அவமானமா?

குளூகர், டெனிசி என்ற உளவியலாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், குறைநிறை சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவள்' என்பதன் மேல் திரும்பினால் பலன் குறையும் என்றார்கள். பாராட்டும் அப்படித்தான். "நீங்கதான் இங்கேயே கெட்டிக்காரி" என்பதைவிட "இன்னிக்கு உங்க கூடையில பச்சையே இல்லக்கா" என்பது உதவும்.

பெரியவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும். ஓர் இளம் சூப்பர்வைசர் ஒரு அக்காவைத் தனியாக, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பரிடம் கூட்டிப்போனார். பழுத்த பழத்துக்கு ஏற்றபடி வைத்த இயந்திரம் அது; பச்சைக்காய் தோல் உரியாமலே வெளியே வந்து விழுகிறது. "இதைக் கொஞ்சம் பாருங்கக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அக்கா நாலைந்து காயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயில் படற பக்கம் செவந்திருக்கு, பின்பக்கம் பச்சை, நாங்க முன்பக்கம் மட்டும் பார்த்துப் பறிச்சுடறோம்" என்றார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத விஷயம், இத்தனை வருஷம் பறித்த கைக்குத்தான் தெரியும். மறுநாள் புதிதாக வந்த பெண்களுக்கு அதை அவரையே சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அவரும் சந்தோஷமாகவே சொல்லிக்கொடுத்தார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். அங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுகிறவரிடம்தான் ஆள் தங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருக்கும் எஸ்டேட்டில் பச்சைக்காயும் எடையில் சேருகிறதே, பிறகு அந்த அம்மாவை மட்டும் குறை சொன்னால் எப்படி? கணக்கை மாற்றுகிற அதிகாரம் மேஸ்திரியிடம் இல்லை. அறுவடை சூடு பிடிப்பதற்கு முன்பே மானேஜரிடம் உட்கார்ந்து பேசி, பழுத்த பழத்துக்குத் தனி விலை கேளுங்கள்.