குடலியக்கம்: ஒரு கலைச்சொல்லும் அதை அளப்போரும்

மருத்துவமனைகளில் ‘மோட்டிலிட்டி’ என்று சுருக்கமாக வழங்கும் சொல், வாய் தொடங்கி ஆசனவாய் வரை நீளும் உணவுப்பாதையின் சுவரிலுள்ள தசைகள் சுருங்கியும் தளர்ந்தும் உள்ளிருப்பதைக் கலக்குவது, தேக்கிவைப்பது, முன்னே தள்ளுவது ஆகிய செயல்கள் அனைத்தையும் சேர்த்துக் குறிப்பதாகும். இச்செயல்களை அளந்து ஆராயும் இடம் ‘மோட்டிலிட்டி லேப்’ எனப்படுகிறது. இவ்விரண்டையும், அங்கே பணிபுரிவோரையும் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பதில் இன்னும் ஒருமித்த வழக்கு உருவாகவில்லை. குடல் இயக்கம், குடல் அசைவு, அலை இயக்கம், குடல் நகர்வு எனப் பலவும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்படுகின்றன. இவற்றுள் சில வெவ்வேறு பொருளுக்கு உரியவை என்பதால், மாற்றி எழுதும்போது சொல் மட்டுமல்லாமல் செய்தியும் மாறிவிடுகிறது.

மோட்டிலிட்டி என்பதன் வேர் ‘அசைத்தல்’ எனப் பொருள்படும் ‘மொவேரே’ என்னும் இலத்தீன் வினை. மோட்டார், மோஷன், மொபைல் ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. ஆயினும் மொபிலிட்டிக்கும் மோட்டிலிட்டிக்கும் உயிரியலில் ஒரு வேறுபாடு பேணப்படுகிறது. பிறிதொன்றால் அசைக்கப்படக்கூடிய தன்மையையும் மொபிலிட்டி குறிக்கலாம். மோட்டிலிட்டியோ தன் ஆற்றலைச் செலவிட்டுத் தானே அசையும் திறனுக்கு உரியது. நுண்ணுயிரி நீந்துவதும், விந்தணு முன்னேறுவதும், குடல் சுருங்குவதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்குவது இதனால்தான். தமிழில் இம்மூன்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. விந்தணுவும் நுண்ணுயிரியும் இடம்பெயர்கின்றன; அவற்றுக்கு ‘நகர்திறன்’ பொருந்தும். குடல் இருந்த இடத்திலேயே இருந்து வேலை செய்கிறது. நகர்வது அதனுள் இருக்கும் உணவு. ஆகவே ‘குடல் நகர்வு’ என்பதை விலக்குவதே நல்லது.

‘இயக்கம்’ பொருத்தமான சொல்லா என்று பார்க்கும்போது தமிழின் வினையமைப்பு நமக்கு உதவுகிறது. இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. தானே அசையும் உயிர்களை இயங்குதிணை என்றும், நின்ற இடத்தில் நிற்பவற்றை நிலைத்திணை என்றும் பகுத்த மரபு நம்முடையது. குடல் எவ்வகையைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு உடலியங்கியல் 1899இல் தெளிவான விடை தந்தது. வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னும் நாயின் சிறுகுடல் உள்ளிருக்கும் பொருளை உணர்ந்து, அதற்கு மேற்பக்கம் சுருங்கியும் கீழ்ப்பக்கம் தளர்ந்தும் அதை முன்னே செலுத்துவதைக் காட்டினார்கள். 1917இல் பால் டிரெண்டெலன்பர்க், கினிப்பன்றியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த குடல் துண்டிலேயே இத்தகைய அலை எழுவதை விரிவாகப் பதிவுசெய்தார். குடலுக்குத் தன் சுவரிலேயே நரம்புப் பின்னல்கள் உள்ளன. அது இயக்கப்படுவதைக் காட்டிலும் இயங்குவதே மிகுதி. ஆகவே ‘இயங்கு’ என்னும் வினையோடு உறவுடைய ‘குடலியக்கம்’ என்பதையே நான் முதற்சொல்லாகக் கொள்வேன்.

இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது பெரிஸ்டால்சிஸ். ‘சுற்றி’ என்னும் பொருளுடைய ‘பெரி’ என்ற முன்னொட்டோடு கூடி, ‘சுற்றிப் பொதிதல்’ என்று பொருள்பட்ட கிரேக்க வினையிலிருந்து வந்த சொல் அது. குடல் உணவைச் சுற்றி வளைத்து இறுக்குவதை அது சுட்டுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அலை இயக்கம் என்று இதற்குச் சொல்லும். ஈழத்து வழக்கில் சுற்றுச்சுருங்கல் என்ற சொல் உண்டு. முன்னது வெளித்தோற்றத்தைச் சொல்ல, பின்னது செயல் நிகழும் முறையைச் சொல்வதோடு கிரேக்க மூலத்துக்கும் நெருங்கி நிற்கிறது. இரண்டும் வாழ வேண்டிய சொற்களே. ஆனால் இரண்டில் எதையும் மோட்டிலிட்டிக்கு ஈடாக வைக்கலாகாது, ஏனெனில் சுற்றுச்சுருங்கல் குடலியக்கத்தின் ஒரு வகை மட்டுமே. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது 1896இல் எக்ஸ் கதிரைக் கொண்டு செரிமானத்தைப் பார்க்கத் தொடங்கிய வால்ட்டர் கேனன், பிஸ்மத் கலந்த உணவு உண்ட பூனைகளின் சிறுகுடலில் உணவு முன்னே செல்லாமல் நின்ற இடத்திலேயே துண்டு துண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்வதைக் கண்டு 1902இல் விவரித்தார். செரிமான நீர் உணவோடு நன்கு கலப்பதற்கு உதவும் இந்தத் துண்டாக்க இயக்கத்துக்கு அலை என்ற பெயர் சற்றும் பொருந்தாது.

தளர்வும் இயக்கத்தின் பகுதியே என்பதை இச்சொல்லை விளக்குவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். உணவு வந்து சேரும்போது இரைப்பையின் மேற்பகுதி அழுத்தம் ஏறாமல் விரிந்து இடம் கொடுக்கிறது. உணவுக்குழலின் கீழ்முனையிலுள்ள சுருக்குத்தசை, விழுங்கும் நேரத்தில் தன் இறுக்கத்தை விட்டுக் கதவைத் திறக்கிறது. அது திறக்காமல் போகும் நோய்க்கு ‘அகலேசியா’ என்று பெயர். தளர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முன் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து உருவாக்கியது. தமிழில் இதைத் ‘தளராமை’ என்று நேராகவே சொல்லிவிடலாம். ‘உணவுக்குழல் அடைப்பு’ என்று எழுதினால், புற்றோ தழும்போ வழியை மறித்துவிட்டது என்று படிப்பவர் எண்ணக்கூடும். மருத்துவம் அவ்விரண்டுக்கும் வேறு, இதற்கு வேறு.

செரிமானத்தைக் குறிக்கத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு, அது இங்கே கட்டாயம் நினைக்கப்பட வேண்டியது. ‘மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்’ என்னும் 942ஆம் குறளில் ‘அற்றது’ என்பதற்குச் செரித்தது என்று பொருள் கொள்கிறோம். அறுதல் என்றால் இல்லாமற்போதல், தீர்தல். அதாவது உண்டது உருமாறுவதை அன்று, வயிற்றைவிட்டு அது நீங்குவதையே அச்சொல் முதன்மையாகக் கருதுகிறது. இன்றைய ஆய்வகத்தில் இரைப்பை வெறுமையாதலைக் கணக்கிடும் சோதனை கேட்பதும் அதே கேள்விதான். சிறிதளவு கதிரியக்க டெக்னீசியம் சேர்த்த முட்டை வெள்ளைக்கரு உணவைக் கொடுத்துவிட்டு, உண்ட உடனேயும் 1, 2, 4 மணி நேரங்களிலும் படம் எடுத்து, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 4 மணி நேரம் கழித்தும் 10 விழுக்காட்டுக்கு மேல் இரைப்பையிலேயே தங்கியிருந்தால் தாமதம் என்று கொள்வது வழக்கம். அடைப்பு எதுவும் இல்லாமல் இவ்வாறு தாமதமாகும் நிலையைத் தமிழில் ‘இரைப்பை வாதம்’ என்று எழுதுகிறார்கள். வாதம் என்றதும் முற்றிலும் செயலிழந்துவிட்டதாக நோயாளி அஞ்சுவார். பெரும்பாலோர்க்கு இரைப்பை வேலை செய்கிறது, மெதுவாகச் செய்கிறது, அவ்வளவே. ‘இரைப்பை இயக்கக் குறைவு’ என்பது உண்மைக்கு நெருக்கமான பெயர்.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். அங்கே மிகுதியாகக் காதில் விழும் சொல் ‘மனோமெட்ரி’. காற்றின் அடர்த்திக் குறைவைச் சுட்டும் ‘மனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் அளவையைச் சுட்டும் ‘மெட்ரான்’ என்பதும் சேர்ந்தது அது. மனதோடு அதற்குத் தொடர்பில்லை. தமிழில் அழுத்த அளவீடு என்பது போதும். இதைச் செய்பவர் பெரும்பாலும் ஆய்வக நுட்பநர் அல்லது அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர். வெறும் வயிற்றோடு வந்தவரின் மூக்குத்துளையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 36 உணர்விகள் வரை பொருத்திய மெல்லிய குழலை அவர் உள்ளே செலுத்துகிறார். குமட்டல் வரும் நேரத்தில் முகவாயைத் தாழ்த்தித் தண்ணீரை உறிஞ்சி விழுங்கச் சொல்கிறார். குழல் இரைப்பையை எட்டியதும் நோயாளியைப் படுக்கவைத்து, சற்று நேரம் விழுங்காமல் இருக்கச் சொல்லி ஓய்வுநிலை அழுத்தத்தைப் பதிகிறார். பிறகு 5 மில்லிலிட்டர் தண்ணீராகப் பத்து முறை. எழுந்து உட்கார்ந்த நிலையில் மேலும் ஐந்து முறை. திரையில் குறைந்த அழுத்தம் நீலமாகவும் மிகுந்த அழுத்தம் சிவப்பாகவும் தெரியும்; ஒவ்வொரு விழுங்கலுக்கும் மேலிருந்து கீழாகச் சாய்ந்தபடி ஒரு வண்ணப்பட்டை இறங்கும்.

இந்த வேலையில் வெளியே தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொண்டையில் குழல் உறுத்துவதால் நோயாளி தன்னையறியாமல் எச்சிலை விழுங்கிவிடுவார். முதல் விழுங்கலின் அலை இறங்கி முடிவதற்குள் இரண்டாவது விழுங்கல் நேர்ந்தால், உடல் முதல் அலையைத் தடுத்து நிறுத்திவிடும். இது நோயன்று, இயல்பு. அருகிலிருப்பவர் அந்த நொடியைக் கவனித்துக் குறித்து அம்முறையை நீக்கிவிட்டு மீண்டும் தண்ணீர் கொடுக்க வேண்டும். குறிக்கத் தவறினால், பின்னர் வரைவைப் படிக்கும் மருத்துவருக்கு அது அலை எழாத உணவுக்குழலாகத் தோன்றக்கூடும். இவ்வளவு பொறுப்பைச் சுமப்பவரை உதவியாளர் என்ற பொதுப்பெயரால் குறிப்பது எனக்கு ஒப்பவில்லை. நுட்பநர் என்பது அவருக்கு முற்றிலும் தகும். ‘டெக்னீசியன்’ என்பதன் வேரான ‘டெக்னே’ கலையையும் கைத்திறனையும் ஒருங்கே சுட்டுவதால் மூலத்தோடும் அது இசைகிறது.

வரைவைப் படித்து முடிவு சொல்பவர் செரிமான மருத்துவர். ‘குடல் மருத்துவர்’ என்று எழுதினால் உணவுக்குழலும் இரைப்பையும் கல்லீரலும் விடுபடும். எந்த வரைவை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் சிகாகோ வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு 2021இல் வந்தது. மறுபுறம், நோயாளி எவரும் இல்லாத மேசையில் உடலியங்கியல் ஆய்வாளர் பணிபுரிகிறார். ஆக்சிஜன் ஏற்றிய உப்புக்கரைசலில், 37 பாகை வெப்பத்தில், தசைத்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, எந்தப் பொருள் அதைச் சுருக்குகிறது, எது தளர்த்துகிறது என்று அவர் அளக்கிறார். இதயத்தைப் போலவே குடலுக்கும் தாளம் வகுக்கும் செல்கள் உண்டு. கஹால் இடைச்செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவை எழுப்பும் மெதுமின்னலைகள் மனித இரைப்பையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3, முன்சிறுகுடலில் ஏறக்குறைய 12. உண்ணாதிருக்கும் வேளையில் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் இறுதி நோக்கி எச்சங்களைத் துடைத்துச் செல்லும் சுருக்கத் தொடர் ஒன்றும் உண்டு. வெறும் வயிற்றில் கேட்கும் இரைச்சலுக்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தூண்டுவதில் பங்குகொள்ளும் இயக்குநீருக்கு மோட்டிலின் என்று பெயர் அமைந்ததும் இதே இலத்தீன் வேரிலிருந்துதான். அது ஒரு வேதிப்பொருளின் சிறப்புப் பெயர் ஆகையால் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவதே சரி.

சோதனையில் தசைகளின் ஒருங்கிணைவு தவறியிருப்பது தெரியவந்தவர்களுக்கு, திரையில் தம் தசையின் அழுத்தத்தைத் தாமே பார்த்துப் பழகக் கற்றுக்கொடுப்பவரும் இந்த ஆய்வகங்களில் உண்டு. அப்பயிற்சியை உயிர்ப்பின்னூட்டம் எனலாம். மலம் கழிக்க முக்கும்போது தளரவேண்டிய தசையைத் தம்மையறியாமல் இறுக்கிக்கொள்வோர்க்கு மாத்திரையைவிட இப்பயிற்சி பெரிதும் பயன்படுகிறது.

மலம் கழித்தலைப் பற்றிப் பேச நேர்ந்ததால் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ‘பவல் மூவ்மென்ட்’ என்பது மலம் கழித்தலைக் குறிக்கும் இடக்கரடக்கல். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘நாளொன்றுக்கு எத்தனை குடல் இயக்கங்கள்?’ என்று கேட்கும் வினாப்படிவங்களும் நலக்கட்டுரைகளும் பெருகிவிட்டன. குடல் நாள் முழுவதும் இயங்கிக்கொண்டே இருக்கிறது. அதை எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. கேட்க வேண்டியது, எத்தனை முறை மலம் கழிக்கிறீர்கள் என்பதே. கூச்சம் கருதினால் ‘வெளிக்குப் போதல்’ என்ற நம் இடக்கரடக்கல் இருக்கவே இருக்கிறது. குடலியக்கம் என்ற கலைச்சொல் தெளிவாக நிலைக்க வேண்டுமானால், அதை இந்தப் பொருளிலிருந்து முதலில் விடுவிக்க வேண்டும்.

துறைப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. இயக்கவியல் என்ற சொல்லை இயற்பியல் முன்பே எடுத்துக்கொண்டது. ஆகவே ‘இயக்கவியல் ஆய்வகம்’ என்று பலகையில் எழுதினால் விசையையும் முடுக்கத்தையும் அளக்கும் இடமாகவே அது புரிந்துகொள்ளப்படும். குடலியக்கவியல் என்று முழுமையாக எழுதும்போது அந்த ஐயம் எழாது. உணவுக்குழலும் இரைப்பையும் குடல் ஆகா என்ற மறுப்பு எழலாம். அந்த மறுப்பு நியாயமானதே. துல்லியம் தேவைப்படும் ஆய்வுரைகளில் ‘உணவுப்பாதை இயக்கம்’ என்றும், நோயாளியிடம் பேசும்போதும் பொதுக் கட்டுரைகளிலும் ‘குடலியக்கம்’ என்றும் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளும்போது ‘குடலியக்கம்’ என்று சேர்த்தே எழுதுவது நல்லது. பிரித்து எழுதினால் மேற்சொன்ன மலம் கழித்தல் பொருளோடு அது மீண்டும் கலந்துவிடும்.

இந்த ஆய்வகத்தில் பெயர் சூட்ட வேண்டியவர்களுள் இன்னும் ஒரு சாரார் எஞ்சியிருக்கிறார்கள். நோய் எதுவும் இல்லாமல், ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திட்டு, மூக்கு வழியே அதே குழலை ஏற்றுக்கொள்ளும் நலமுள்ளோர் அவர்கள். இயல்பான அழுத்தம் எவ்வளவு, இயல்பான வேகம் எவ்வளவு என்னும் ஒப்பீட்டு அளவுகள் அவர்களிடமிருந்தே கிடைக்கின்றன. மொழிபெயர்ப்புகளில் அவர்களைச் ‘சோதனைப் பொருள்’ என்றும் ‘ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டோர்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். முன்னது மனிதரைப் பொருளாக்குகிறது, பின்னது அவர்களின் விருப்பத்தை மறைக்கிறது. தாமே முன்வந்து தம் உடலை அளக்கக் கொடுத்தவர்களை ‘ஆய்வுப் பங்கேற்பாளர்’ அல்லது ‘தன்னார்வலர்’ என்று எழுதுவதே முறை.