பல்லிடுக்கில் இருந்த பாக்டீரியா குடல் கட்டிக்குள் என்ன செய்கிறது?

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காகக் கட்டிய குடியிருப்பு. அதில் இரு முனையும் கூராக, ஊசிபோல நீண்டு கிடப்பது ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். பல்லில் முதலில் குடியேறியவர்களை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, பின்னால் வருபவர்களுக்கு மறுபக்கம் இடம் கொடுக்கும். ஒட்டுவதுதான் இதன் தொழில்.

2011இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பெருங்குடல் புற்றுக் கட்டிகளை அலசின. பக்கத்திலிருந்த நல்ல திசுவைவிடக் கட்டியில் தூக்கலாக இருந்தது இதே வாய்வாசிதான். விழுங்கும் எச்சிலோடு போயிருக்கலாம். ஈறு கசியும்போது ரத்தத்தில் ஏறியும் போயிருக்கலாம். எலிச் சோதனைகள் ரத்தவழிப் பயணத்தைக் காட்டியிருக்கின்றன.

சரி, அவ்வளவு பெரிய குடலில் கட்டியை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தப் பாக்டீரியாவின் உடம்பில் ஃபேப்2 என்றொரு புரதம் உண்டு. பெருங்குடல் புற்றுச் செல்கள் ஒருவகைச் சர்க்கரையை வெளிப்புறத்தில் அளவுக்கு மீறிப் பூசிக்கொள்கின்றன. அந்தச் சர்க்கரையைத்தான் ஃபேப்2 கவ்விக்கொள்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. கட்டியைத் தாக்க வரும் நோயெதிர்ப்புச் செல்களில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஒரு பிரேக் இருக்கிறது. அதையும் இதே ஃபேப்2 அழுத்திவிடுகிறது. ஒட்டுவதற்கென்று இருந்த கை, காவல்காரரையும் தடுக்கிறது. ஃபாட்ஏ என்ற இன்னொரு புரதம் செல்லுக்குள் ‘வளர்’ என்ற சமிக்ஞையைத் தூண்டிவிடுகிறது.

அப்புறம் கீமோ. மருந்தால் அடிபட்ட செல் தன் உதிரிப் பாகங்களைத் தானே தின்று, அந்தச் சரக்கில் பிழைத்துக்கொள்ளப் பார்க்கும். 2017இல் சீன ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: ஃபியூசோபாக்டீரியம் இந்தத் தன்விழுங்கலை முடுக்கிவிடுகிறது. ஆக்ஸாலிபிளாட்டின், 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்துகள் கொல்ல வேண்டிய செல்கள் தப்பிக்கின்றன.

அதே ஆண்டு நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அதே பாக்டீரியா இருந்தது. மனிதக் கட்டியை எலிக்குள் வைத்து, அங்கிருந்து அடுத்த எலிக்கு மாற்றிக்கொண்டே போனபோதும் அது உயிரோடு கூடவே போனது. அந்த எலிகளுக்கு மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் கட்டியின் வளர்ச்சி மந்தமானது. ஈறு தொற்றுக்குப் பல் மருத்துவர் எழுதித் தரும் அதே மாத்திரை!

அப்படியானால் கீமோவோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே? குடலில் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் அது சேர்த்து வாரிக்கொண்டு போகும். போதாததற்கு, 5-ஃப்ளூரோயுராசிலே இந்தப் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. ஆனால் கட்டிக்குள் இருக்கும் வேறு சில பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சிதைத்து இதைக் காப்பாற்றிவிடக்கூடும். எல்லா ஃபியூசோபாக்டீரியமும் ஒன்றல்ல என்பது இன்னொரு சிக்கல். பெருங்குடல் கட்டிகளில் கோலோச்சுவது ஒரு தனிக் கிளை என்று 2024இல் தெரியவந்தது. வயிற்று அமிலத்தைத் தாங்கும் திறன் அதற்கு உண்டு. எச்சில்வழிப் பயணத்துக்கு அது உதவியிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு முரண். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் கதை தலைகீழ். கட்டியில் இந்தப் பாக்டீரியா இருந்த நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்ததாக 2024இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். ஆய்வகத் தட்டில் அந்தப் புற்றுச் செல்களோடு இதைச் சில நாள் விட்டுவைத்தபோது, பெரும்பாலான செல்கள் செத்துக் கிடந்தன.