'உள்ளூர் கோப்பு' எந்த ஊர்க் கோப்பு?

மஞ்சள் விற்ற பட்டியல்களை ஸ்கேன் செய்து, குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் என் சொந்த விக்கியிலிருந்து அவற்றுக்கு இணைப்புக் கொடுத்து வைத்திருக்கிறேன். 'லோக்கல் ஃபைல்' என்பதற்குத் தமிழ் வழிகாட்டி ஒன்று சொன்னபடி அந்தப் பக்கத்துக்கு 'உள்ளூர் கோப்புகள்' என்று தலைப்பும் இட்டிருந்தேன். சென்ற வாரம் விக்கியை மட்டும் பென் டிரைவில் ஏற்றித் தங்கை மகனிடம் கொடுத்தேன். ஈரோட்டில் எனக்கு அடுத்த வீதியில் இருப்பவன், மாலையே வந்து நின்றான். "ஏனுங் மாமா, உள்ளூர் கோப்புன்னு போட்டிருக்குதுங்க. நானும் உள்ளூருதானுங்களே, அப்புறம் ஏனுங்க தொறக்க மாட்டேங்குது?"

கேள்வியில் பிழையில்லை, பிழை தலைப்பில் இருக்கிறது.

'லோக்கல்' என்பதன் வேர் இடத்தைக் குறிக்கும் 'லோகஸ்' என்னும் இலத்தீன் சொல். 'ஃபைல்' என்பதும் இலத்தீன் வழி வந்ததே. நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்ற சொல்லிலிருந்து, தாள்களை நூலில் கோத்து வைத்த வழக்கத்தால் அது பிறந்தது. கோத்தலிலிருந்து வந்த நம் 'கோப்பு' அதற்கு அவ்வளவு பொருத்தம் என்பதால் அதனோடு எனக்கு வழக்கில்லை.

வழக்கெல்லாம் 'உள்ளூர்' என்பதோடுதான். உள்ளூர் என்றால் நாம் இருக்கும் ஊர். அதற்கு மறுதலை வெளியூர், எங்கள் பக்கத்துப் பேச்சில் அசலூர். அப்படியானால் வேறொரு கணினியில் கிடக்கும் கோப்பை அசலூர்க் கோப்பு என்று சொல்ல வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே மட்டும் ஊரை விட்டுவிட்டு 'தொலைநிலைக் கோப்பு' என்கிறார்கள். உள்ளூர்க் கோப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் க் என்னும் ஒற்றையும் விழுங்கிவிடுகிறார்கள். ஊர் என்பது பலர் சேர்ந்து வாழும் இடம். ஒரே ஒரு பெட்டிக்குள் இருப்பதை ஊராக்குவது, தமிழ்ச் சொல்லாகவே இருந்தாலும், தமிழாகாது. தனித்தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆயினும் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுவதைத் தனித்தமிழ் என்று ஒப்ப மாட்டேன். திறந்திருக்கும் கோப்பின் இடத்திலிருந்து தொடங்கும் வழியைக் குறிக்கும் 'ரிலேட்டிவ் பாத்' என்பதை 'உறவினர் பாதை' என்று பெயர்த்த குறிப்பு ஒன்றையும் படித்திருக்கிறேன்.

'தன்கணினிக் கோப்பு' என்று சிலர் சொல்லலாம். யாருடைய தன் என்ற ஐயம் அதில் நிற்கிறது. 'அகக் கோப்பு' என்றாலோ ஒரு மென்பொருள் தனக்குள் வைத்துக்கொள்ளும் கோப்பு என்று தோன்றும்.

என் விக்கியில் நான் இட்ட இணைப்பின் முகவரியைக் கூர்ந்து பார்த்தால் சொல் அங்கேயே கிடைக்கும். 'ஃபைல்' என்பதற்கும் முக்காற்புள்ளிக்கும் பிறகு மூன்று சாய்கோடுகள் வருகின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் வரவேண்டிய கணினியின் பெயர் வெறுமையாக விடப்பட்டிருப்பதால், இணைப்பை எந்தக் கணினியில் திறக்கிறோமோ அந்தக் கணினியையே அது குறிக்கும். என்னிடத்தில் என் கணினி, மருமகனிடத்தில் அவன் கணினி. இணையத்திலிருந்து வரும் பக்கம் இத்தகைய இணைப்பைத் திறக்க முயன்றால் உலாவி பாதுகாப்புக் கருதித் தடுத்துவிடுகிறது; டிட்லிவிக்கிபோல வட்டிலிருந்து நேரே திறக்கும் ஒற்றைக் கோப்பு விக்கியில் அந்தத் தடை இல்லை. ஆகவே அவன் இணைப்பு தடைபடவில்லை. என் பட்டியல்களை அவன் வட்டில் தேடி ஏமாந்தது.

பேசுவோர் மாறினால் சுட்டும் இடமும் மாறும் அண்மைச் சுட்டாகிய 'இ' இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஆகையால் 'இக்கணினிக் கோப்பு' என்கிறேன். பேச்சில் 'இந்தக் கணினியில் உள்ள கோப்பு' என்றால் போதும். தலைப்பை மாற்றிவிட்டேன். பட்டியல்கள் உள்ள அடைவையும் (ஃபோல்டர்) விக்கிக்குப் பக்கத்திலேயே வைத்து, முழு முகவரிகளை நீக்கி, விக்கி இருக்குமிடத்திலிருந்து தொடங்கும் வழிகளாக இணைப்புகளைத் திருத்தி, இரண்டையும் சேர்த்து மருமகனுக்கு மறுபடி ஏற்றிக் கொடுத்தேன்.