மீன்பாடு உள்ள மாதத்தில் 175 ரூபாய்: மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

குளச்சல் கரையில் சாளை குவிந்து கிடக்கும் காலை. ஏலம் முடிந்ததும் ஒரு அம்மா நோட்டுகளைச் சுருட்டி மடியில் செருகுகிறார். அந்த நேரத்தில் 175 ரூபாய் கேட்டால் எடுத்துத் தந்துவிடுவார். ஆனி ஆடியில் கடல் அடித்துக் கிடக்கும்போது கேட்டால், மறுநாள் அரிசிக்கே கையில் காசு இருக்காது. மீன் கிடைக்காத இந்த வறுதிக் காலத்தில்தான் வட்டிக்காரர் வாசலுக்குப் போகவேண்டி வருகிறது.

பாடு உள்ள மாதத்துப் பணத்தை வறுதி மாதத்துக்கு நகர்த்துவதுதான் தேசிய மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். மாதம் 175 ரூபாய் வீதம் 8 மாதம், 9-வது மாதம் 100 ரூபாய், ஆக 1500 ரூபாய் நீங்கள் கட்டுகிறீர்கள். மத்திய அரசு 1500, மாநில அரசு 1500 சேர்க்கின்றன. மீன்பாடு குறைந்த மாதங்களில் 4500 ரூபாயாகத் திரும்ப வருகிறது. கடலில் முழுநேரம் தொழில் செய்பவராக, மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினராக, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவராக இருக்கவேண்டும். வயது 18 முதல் 60 வரை. மீனவ மகளிருக்கு இதே அளவில் தனித் திட்டம் உண்டு. அதில் அரசின் பங்கு 3000 ரூபாயையும் மாநில அரசே தருகிறது.

கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "தர நினைத்தால் அந்த 3000-த்தை நேராகத் தரலாமே, நம்ம காசை எதுக்கு வாங்கி வைக்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் பூட்டி வைப்பதற்கே ஒரு பலன் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி, தன் வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஒரு கணக்கு கொடுத்துப் பார்த்தது. தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாது. கூடுதல் வட்டியும் கிடையாது. அப்படியும் கேட்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு வருடத்தில் இந்த வாய்ப்பு தரப்பட்டவர்களின் சேமிப்பு, தரப்படாதவர்களோடு ஒப்பிட்டால் 81 சதவீதம் உயர்ந்தது. கையில் காசு இருந்தால் ஏதாவது ஒரு அவசரம் வந்து கொண்டுபோய்விடும் என்று அந்த மக்களுக்கே தெரிந்திருந்தது. நம் வீடுகளில் சீட்டு போடுவதும் இதே காரணத்துக்காகத்தானே?

ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த நேரத்தில், புதிர் போன்ற சோதனைகளில் அவர்கள் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். அறுவடைப் பணம் வந்த பிறகு அதே ஆட்கள் கூடுதலாக எடுத்தார்கள். ஆள் மாறவில்லை, பணக் கவலை மனதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் வறுதியில் எடுக்கவேண்டிய முடிவைப் பாடு உள்ளபோதே எடுத்து வைப்பது நல்லது.

என் வருத்தம் ஒன்றுதான். மாதத் தவணை நாட்காட்டியைப் பார்த்து வருகிறது, மீன் அப்படி வருவதில்லை. அதனால் சங்கத்தில் கட்டும் நாள்வரை காத்திருக்கவேண்டாம். ஏலக்காசு கைக்கு வந்ததும் 20, 30 என்று ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு வாருங்கள். நாளுக்கு 6 ரூபாய் சேர்ந்தாலே மாதத் தவணை நிறைந்துவிடும். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். போகும் முன்பே வீட்டில் பணத்தையும் கட்டவேண்டிய நாளையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம், இதையும் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தையும் ஒன்றாக நினைத்துக் குழம்பவேண்டாம். அது 8000 ரூபாய், நீங்கள் எதுவும் கட்டவேண்டியதில்லை. விசைப்படகுத் தடை நம் குமரி மாவட்டத்தில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் நீரோடி வரைக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதை வாங்குகிறோமே என்று சேமிப்பை விட்டுவிடாதீர்கள்.

இந்த வருடம் சேர விரும்பினால் உங்கள் ஊர் சங்கத்தில் உறுப்பினர் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் முதலில் சரிபாருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.