கேமரா வருமானத்தில் ஓடும் ஊர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பள்ளி வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தேன். ஒரு தம்பி கையில் கவரோடு வந்து நின்றார். ஊர் திருநெல்வேலிப் பக்கம், அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்தில் வேலை, கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. “அண்ணே, நீங்க ரோடு எஞ்சினியர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றார்.

கவருக்குள் வேகக் கேமரா நோட்டீஸ். காரைப் பின்னாலிருந்து எடுத்த இரண்டு படங்கள், நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக்கிய இன்னொரு படம், கீழே பணம் கட்டும் சீட்டு. வரம்பு 35 மைல், அவர் போனது 47 மைல் என்று போட்டிருந்தது. அவர் தொகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “இதனால விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா அண்ணே?” என்றுதான் கேட்டார்.

ஓஹையோ மாநிலத்தில் பதினான்கு வருடமாகப் போக்குவரத்துப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு சாலையில் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன, ஏன் அப்படிப் போகின்றன, எங்கே என்ன மாற்றினால் அந்த வேகம் குறையும் என்று அளந்து சொல்வது என் வேலை. இந்த மாதிரி கடிதங்கள் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாவது என் கைக்கு வந்துவிடுகின்றன. எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தத் தம்பியின் பயம். ஓஹையோவில் கேமரா டிக்கெட் என்பது சிவில் அபராதம். குற்ற வழக்கு இல்லை, லைசென்சில் பாயின்ட் (தப்புக்குத் தப்பு சேரும் கெட்ட மதிப்பெண்) ஏறாது. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி எழுதிக் கொடுக்கும் டிக்கெட் வேறு, இது வேறு. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குக் கடிதம் வரும். அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாள் கடந்தால் தாமதக் கட்டணம் ஏறும், அப்புறம் கடன் வசூல் செய்யும் நிறுவனத்துக்குப் போகும். மற்ற மாநிலங்களில் விதி வேறு, அங்கே இருப்பவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, கேமரா வைப்பது நியாயமா? எனக்குக் கேமரா மேல் கோபம் கிடையாது. நடந்து போகிறவர் மேல் 23 மைல் வேகத்தில் கார் மோதினால் பத்தில் ஒருவர் இறக்கிறார். அதே 42 மைல் என்றால் இரண்டில் ஒருவர். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளை 2011-ல் கணக்கிட்டுச் சொன்னது இது. மேரிலாண்ட் மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வேகக் கேமராக்கள் வந்த பிறகு, அந்தச் சாலைகளில் நடக்கும் விபத்து ஒன்று சாவிலோ ஆளை முடக்கும் காயத்திலோ முடியும் வாய்ப்பு 19 சதவீதம் குறைந்ததாக 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. நான் விபத்து நடந்த இடங்களுக்குப் போய் டயர் தேய்ந்த கோட்டை டேப் வைத்து அளந்திருக்கிறேன். வேகம் விளையாட்டு இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கவலை அந்தக் கேமராவை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிற கேமராவின் வசூல் மாதாமாதம் குறைய வேண்டும். ஜனங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள், டிக்கெட் குறையும். வசூல் குறையவே இல்லை என்றால் அந்தச் சாலை இன்னும் ஆபத்தாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஊரின் பட்ஜெட்டே அந்த வசூலில் ஓடினால், சாலை பத்திரமாவது ஊருக்கு நஷ்டமாகிவிடுகிறது.

இதற்கு எங்கள் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் எல்ம்வுட் பிளேஸ். சின்சினாட்டி நகரத்தை ஒட்டிய குட்டிக் கிராமம், மொத்தப் பரப்பே ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்குதான். அப்போது சுமார் 2,200 பேர் வசித்தார்கள். 2012 செப்டம்பரில் அங்கே வேகக் கேமரா வந்தது. முதல் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 6,600 டிக்கெட், அதாவது ஊரில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் மூன்று. ஒரு டிக்கெட்டுக்கு 105 டாலர். அதில் 40 சதவீதம் கேமராவை நடத்திய ஆப்டோடிராஃபிக் என்ற தனியார் நிறுவனத்துக்கு. டிக்கெட் தவறு என்று வாதாட வேண்டுமானால் அதற்கே 25 டாலர் கட்டணம் கட்ட வேண்டும். ஊருக்குள் கடைக்கும் தேவாலயத்துக்கும் வருகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்களே வழக்குப் போட்டார்கள்.

2013 மார்ச்சில் ஹாமில்டன் கவுன்டி நீதிபதி ராபர்ட் ரூல்மன் அந்தத் திட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். தெருவில் சீட்டைப் புரட்டிப் போட்டு ஏமாற்றும் ஆட்டத்தோடு அதை ஒப்பிட்டார். நம் ஊர்த் திருவிழாவில் மூணு சீட்டு போடுவார்களே, அதேதான். எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பணம் வைக்கிறவன் ஜெயிக்க முடியாது. தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கிராமத்துக்கும் நிறுவனத்துக்கும் இதில் பண லாபம் இருக்கிறது என்பதை அவர் நேராகத் தொட்டதுதான். அளவு எடுக்கிறவனும் ஃபைன் வாங்குகிறவனும் விசாரிக்கிறவனும் ஒரே பக்கம் நின்றால், எதிரே நிற்கிறவன் என்ன செய்வான்?

இந்த ஊர்கள் ஏன் இப்படிப் போகின்றன? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. 2011-ல் நிறைவேறிய ஓஹையோ பட்ஜெட், உள்ளூர் ஆட்சிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் நிதியைக் கடுமையாக வெட்டியது. இறந்தவர்களின் சொத்து மீதான வரி 2013 தொடக்கத்தோடு நின்றுபோனது. அந்த வரியில் பெரும் பங்கு உள்ளூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய நகரம் எப்படியோ சமாளித்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமம் போலீசுக்கும் தீயணைப்புக்கும் எங்கே போகும்? ஊர் வழியாக ஒரு ஹைவே போகிறது. அதில் போகிறவர்களில் பெரும்பாலானோர் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு இந்த ஊரில் ஓட்டு கிடையாது.

கேமரா வருவதற்கு முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. ஃபுளோரிடாவில் ஹாம்ப்டன் என்ற ஊர், ஐநூறு பேர்கூட இல்லை. பக்கத்தில் போகும் 301-ஆம் எண் ஹைவேயில் 1,260 அடி நீளத்தை மட்டும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டு, அங்கே ரேடாரோடு போலீசை உட்கார வைத்தது. கேமரா வந்த பிறகு உட்கார ஆள்கூடத் தேவையில்லை என்றாகிவிட்டது.

நானே ஒரு கிராமத்துக் கவுன்சிலில் உட்கார்ந்து பார்த்தது ஒன்று உண்டு. ஊர் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் அருகே வேகம் அதிகம், ஆய்வு செய்து கொடுங்கள் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். 55 மைல் ஹைவே ஒரு வளைவைத் தாண்டியதும் 35 ஆகிறது. இப்படி 10 மைலுக்கு மேல் வரம்பு குறையும் இடத்தில், முன்கூட்டியே எச்சரிக்கும் மஞ்சள் பலகை ஒன்று வேண்டும் என்பது எங்கள் துறையின் கையேட்டில் இருக்கிறது. அங்கே அது இல்லை. 35 என்று எழுதிய வெள்ளைப் பலகையைப் பாதி ஒரு மேப்பிள் கிளை மறைத்திருந்தது. சாலையோ ஊருக்குள் வந்த பிறகும் 12 அடி அகலப் பாதை, இருபுறமும் தாராளமான ஓரம். அப்படிப்பட்ட சாலை ஓட்டுநரிடம் “போ, போ” என்று சொல்லும். பலகை மட்டும் “நில்” என்றால் கால் கேட்காது. கேமரா கம்பம் அந்த வெள்ளைப் பலகையிலிருந்து நான் நடந்து எண்ணியதில் அறுபது காலடித் தூரத்தில் நின்றது.

எங்கள் பரிந்துரை சாதாரணமானது. எச்சரிக்கைப் பலகை வையுங்கள், கிளையை வெட்டுங்கள், கோடுகளை மாற்றிப் போட்டுப் பாதையை 10 அடியாகக் குறுக்குங்கள், பள்ளி முன்னால் பிள்ளைகள் நின்று கடக்க நடுவில் ஒரு திட்டு கட்டுங்கள். ஒரு வருடக் கேமரா வசூலில் சிறு பகுதி இதற்குப் போதும். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் கணக்குப் பார்க்கும் அம்மா அடுத்த வருட பட்ஜெட் தாளை என் பக்கம் தள்ளினார். கேமரா வருவாய் என்ற வரியில் இந்த வருடத் தொகையே அடுத்த வருடத்துக்கும் இருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் கொஞ்சம் கூட்டியே போட்டிருந்தார்கள். போலீஸ் கார் தவணை அந்தப் பணத்தில்தான் போகிறது. “நீங்க சொல்றதைச் செஞ்சா இந்த வரியில என்ன போடறது?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பென்சில் முனையை அந்த எண் மேல் வைத்தபடியே அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரமே கிளையை வெட்டினார்கள். கோடு போடும் வேலை இன்றுவரை நடக்கவில்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மேரிலாண்ட் பல வருடங்கள் அபராதத்தை 40 டாலரில் நிறுத்தி வைத்திருந்தது. வரம்புக்கு மேல் 12 மைலாவது போனால்தான் டிக்கெட். கேமரா வசூலில் செலவு போக மிஞ்சுவது உள்ளூரின் மொத்த வருவாயில் 10 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பணம் மாநிலக் கஜானாவுக்குப் போய்விடும். டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குப் பங்கு கொடுக்கும் ஒப்பந்தங்களையும் 2014-ல் கொண்டுவந்த திருத்தத்தில் தடுத்தார்கள். ஓஹையோ வேறு வழியில் போனது. 2019 சட்டப்படி, ஓர் ஊர் கேமராவில் எவ்வளவு வசூலிக்கிறதோ அவ்வளவை மாநிலம் அந்த ஊருக்குக் கொடுக்கும் நிதியிலிருந்து கழித்துக்கொள்ளும். கிளீவ்லாந்தை ஒட்டிய நியூபர்க் ஹைட்ஸ் என்ற இரண்டாயிரம் பேர் ஊர் இதை எதிர்த்து வழக்காடியது. 2022-ல் ஓஹையோ உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டில் எனக்குப் பிடித்தது மேரிலாண்ட் முறை. கேமராவை வைத்துக்கொள்ள விடுகிறது, அதில் பிழைக்க விடுவதில்லை.

இனி உங்கள் கைக்குக் கடிதம் வந்தால். முதல் வேலை, அந்த இரண்டு படங்களையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நேரம் வினாடியின் பின்னம் வரைக்கும் அச்சாகியிருந்தால், வேகத்தை நீங்களே ஒத்துப் பார்க்கலாம். 35 மைல் என்றால் வினாடிக்கு 51 அடி. இரண்டு படத்துக்கும் நடுவே அரை வினாடி என்றால் கார் சுமார் 25 அடி நகர்ந்திருக்க வேண்டும். அடியை எப்படி அளப்பது? சாலையில் விட்டுவிட்டுப் போடும் வெள்ளைக் கோடு பொதுவாக 10 அடி நீளம், இடைவெளி 30 அடி. உங்கள் பின் டயர் எந்தக் கோட்டின் எந்த முனையிலிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். கோடு இல்லாத தெரு என்றால் உங்கள் காரின் நீளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இது வீண் வேலை இல்லை. மேரிலாண்டில் ஃபாரஸ்ட் ஹைட்ஸ் என்ற சிறிய ஊரில், 2011-ல் ஒரு கார் உதிரிபாகக் கடைக்காரர் தன் கடை வண்டிகளுக்கு வந்த டிக்கெட்டுகளை இதே முறையில் கணக்குப் போட்டு நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனார். ஐந்து டிக்கெட்டுகள் தள்ளுபடியாயின. அடுத்த வருடம் பால்டிமோர் நகரத்தில், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த காருக்கு 38 மைல் வேகத்தில் போனதாக டிக்கெட் வந்தது செய்தியானது. அந்த நகரம் 2013-ல் கேமராக்களையே சில வருடங்களுக்கு நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

அப்புறம், வண்டியை ஓட்டியது நீங்கள் இல்லை என்றால் அதைச் சொல்ல வழி இருக்கிறது. கடிதத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், படியுங்கள். விசாரணை கேட்கக் கடைசித் தேதியும் அங்கேதான் இருக்கும். கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த சான்றைக் கேளுங்கள். நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம்.

போனில் குறுஞ்செய்தியாக “டிராஃபிக் ஃபைன் பாக்கி, உடனே கட்டு” என்று வந்தால் தொடாதீர்கள். வண்டிப் பதிவும் லைசென்சும் பார்க்கும் அலுவலகம் அனுப்பியது போல, ஓஹையோ டிஎம்வி என்ற பெயரில் அப்படிப் போலிச் செய்திகள் நிறைய வந்தன. ஓஹையோவில் அந்த அலுவலகத்தின் பெயரே பிஎம்வி.

அந்தத் தம்பியின் படங்களுக்கு வருகிறேன். பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் அளந்தோம். நடுவே அரை வினாடி. முதல் படத்தில் பின் டயர் ஒரு கோட்டின் தொடக்கத்தில், இரண்டாவதில் அடுத்த கோட்டுக்குச் சற்று முன்னால். முப்பத்து நான்கு அடி வந்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 46, 47 மைல். கேமரா சரியாகத்தான் சொல்லியிருந்தது. “தப்பு என்மேலதான் அண்ணே, கட்டிடறேன்” என்றார், அங்கேயே போனில் கட்டியும் விட்டார்.

மறுவாரம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது அந்தச் சாலையில் நானும் ஓட்டிப் பார்த்தேன். 55-லிருந்து 35, நடுவில் எச்சரிக்கைப் பலகை இல்லை. மாநிலப் போக்குவரத்துத் துறைக்குப் படத்தோடு எழுதியிருக்கிறேன். தம்பியும் தன் பெயரில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்.